மயக்கம் கொடுத்த பிறகுதான் மூக்கில் சதை இருப்பது தெரிந்தது: ஏன் இப்படி, இனி என்ன செய்வது?

கோத்தகிரியிலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 27 வயது, காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுபவர். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டி மோதி, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்து மூக்கு வழியாகக் குழாய் விட்டபோது ரத்தம் கொட்டியிருக்கிறது. தாடையைத் தொடாமலே எழுப்பிவிட்டு, "மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உடைந்தது தாடையாக இருக்க, குழாய் ஏன் மூக்கில்? இத்தனை டெஸ்ட் எடுத்தும் சதை ஏன் தெரியவில்லை? மறுபடி மயக்கம் கொடுத்தால் உயிருக்கு ஆபத்தா? இந்த மூன்றுதான் அவருடைய கேள்விகள்.

நான் நீலகிரியில் இருபது வருடத்துக்கும் மேலாக மயக்க மருத்துவராக இருக்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்கென்று முடிவு சொல்ல வேண்டியவர்கள் அங்கே அவரைப் பார்க்கும் டாக்டர்கள்தான். ஆனால் நடந்தது என்ன, அடுத்து என்னென்ன வழி இருக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. ஆபரேஷன் செய்யாமல் எழுப்பிவிட்டார்களே என்று வருத்தப்படாதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் சரியான முடிவு. இந்தியாவில் சிக்கலான சுவாசப் பாதையைக் கையாள்வதற்கென்று மயக்க மருத்துவர்கள் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: குழாய் போகவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயலாதே, ஆக்ஸிஜன் கொடு, அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் எழுப்பிவிடு. இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்திருந்தால், நீங்கள் இன்று வேறு மாதிரியான கேள்வியோடு வந்திருப்பீர்கள்.

சரி, குழாய் ஏன் மூக்கில்? முழு மயக்கத்தில் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி, மெஷின் வழியாக நாங்கள் மூச்சு கொடுப்போம். வயிறு, கால், கை ஆபரேஷனுக்குப் பொதுவாக அந்தக் குழாய் வாய் வழியாகவே போகும். தாடை முறிவுக்கு அது தோதுப்படாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் விபத்துக்கு முன் எப்படிக் கவ்வியிருந்தனவோ அப்படியே சேர்த்துக் கம்பியால் கட்டினால்தான் உடைந்த எலும்பு தன் இடத்தில் உட்காரும். அப்புறம்தான் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். வாயில் குழாய் இருந்தால் பல் கவ்வாது. கவ்வாமல் பிளேட் வைத்தால் வாழ்நாள் முழுக்க மெல்வதற்குச் சிரமம். அதனால் குழாயை மூக்கு வழியாக, மூக்கின் தரையை ஒட்டி, தொண்டைக்குக் கொண்டுபோய் மூச்சுக்குழாயில் இறக்குவோம்.

அந்தப் பாதையில் சதை இருந்தால் இரண்டு விதமாகக் கெடும். குழாயின் முனை சதையைக் கிழித்தால் ரத்தம். விழித்திருப்பவர் ரத்தத்தை விழுங்குவார், துப்புவார், இருமுவார். மயக்கத்தில் இருப்பவருக்கு இதெதுவும் கிடையாது, ரத்தம் நேராகத் தொண்டையில் தேங்கும். பார்த்துக் குழாய் விடவேண்டிய இடமே மறைந்துபோகும். இரண்டாவது இன்னும் மோசம். கிழிந்த சதைத் துண்டு குழாயின் வாயில் கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கும், ஆனால் காற்று போகாது. இப்படி நடந்திருப்பதை மருத்துவ இதழ்களில் பல பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் வெளிமூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு வருகிறதா என்று காட்டும் திரையில் கோடு எழும்பவில்லை என்றால், யோசித்துக்கொண்டு நிற்காமல் குழாயை வெளியே எடுத்துவிடு என்று ஜூனியர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.

இப்போது உங்கள் மனதை அறுக்கும் கேள்விக்கு வருகிறேன். முன்னாலேயே ஏன் தெரியவில்லை?

ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, இவை எதுவும் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. தாடைக்கு எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் பல்லும் தாடையும் தெளிவாகத் தெரியும், மூக்குக்குள் இருக்கும் மெல்லிய சதை தெரியாது. முகத்துக்கு சி.டி. எடுத்திருந்தால் தெரிந்திருக்கலாம். ஆனால் முகத்தில் அடிபட்டவருக்கு சைனஸில், அதாவது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், ரத்தம் நிற்பது சகஜம், அந்த நிழலோடு நிழலாகச் சதையும் ஒளிந்துகொள்ளும். நாங்கள் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மல்லம்பட்டி என்ற மயக்க மருத்துவர் 1985-ல் வெளியிட்ட முறை அது. உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, வாய் வழியாகக் குழாய் போடுவது எளிதா சிரமமா என்று கணிப்போம். உலகம் முழுக்க எல்லோரும் செய்கிறோம். அந்தப் பார்வை உள்நாக்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே, மூக்கின் பின்வாசலில் என்ன தொங்குகிறது என்பது அதில் அகப்படாது.

மீதி, நோயாளி வாய்விட்டுச் சொல்வதில் இருக்கிறது. மலையில் சிக்கலே அங்கேதான். "மூக்கடைப்பு உண்டா?" என்று கேட்டால், இங்கே யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள், "ஆமாம்" என்றும் சொல்லமாட்டார்கள். "சளிதான் டாக்டரம்மா, இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பார்கள். ஜூன் மாதச் சாரலிலும் டிசம்பர் பனியிலும் மூக்கு ஒழுகுவது நோயாகவே கணக்கில் வராது. கைக்கெட்டும் தூரத்தில் நீலகிரித் தைலம் இருக்கிறது. கொதிநீரில் நாலு சொட்டு விட்டு ஆவி பிடித்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். அதில் பெரும்பங்கு உணர்வுதான். தைலத்தின் குளிர்ச்சி மூக்கின் நரம்பில் படும்போது காற்று நிறையப் போவதுபோலத் தோன்றும், பாதை ஒன்றும் அகலமாகியிருக்காது. சதை தைலத்துக்குச் சுருங்காது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மூக்குச் சொட்டு மருந்தும் அப்படித்தான். தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அந்த மருந்தே புதிதாக ஓர் அடைப்பை உண்டாக்கும். வருடக்கணக்கில் பாட்டிலைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், 14 வயதுப் பையன் ஒருவன் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். மூக்கடைப்பைப் பற்றி நான் கேட்டேன், அவரும் சளி என்றார், நானும் சளி என்றே எழுதிக்கொண்டேன். மயக்க மருந்து போட்டாயிற்று. மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, தாடையைத் தூக்கி, வாயை மூடிப் பிடித்து, பையை அமுக்கினேன். முதல் மூச்சு உள்ளே போனது. நெஞ்சு எழும்பியது. எழும்பியது எழும்பியபடியே நின்றது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் 'டிங் டிங்' ஓசை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்குவதுதான் காதில் விழுந்தது. 97, 92, 86.

மாஸ்க்கை எடுத்து, வாயைத் திறந்து, நாக்கின் மேல் ஏர்வே என்ற, மூச்சு வழியைத் திறந்து வைக்கும் வளைந்த குழலைச் செருகினேன். 'புஸ்' என்று காற்று வெளியே வந்தது. நெஞ்சு இறங்கியது. எண்ணும் ஏறத் தொடங்கியது. அப்புறம் வாய் வழியாகக் குழாய் போடும்போது விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். உள்நாக்குக்குப் பின்னால், தோல் உரித்த நுங்குத் துண்டு மாதிரி, வெளிறிப் பளபளவென்று ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அது கன்னத்துக்குள் இருக்கும் சைனஸில் முளைத்து, மூக்கின் பின்வாசல் வழியாகத் தொண்டைக்குள் இறங்கும் ஒருவகைச் சதை. பாலிப் என்போம். ஜெர்மன் மருத்துவர் கிலியன் 1906-ல் விவரித்தது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வரும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்கு சுத்தமாகவே தெரியலாம். விழித்திருக்கும்போது அந்தப் பையன் வாயால் மூச்சு விட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தான். மயக்கத்தில் தசை எல்லாம் தளர்ந்து, வாயையும் நான் மூடியபோது, அந்தச் சதை வால்வு மாதிரி வேலை செய்தது. உள்ளே விட்டது, வெளியே விடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகு அம்மாவிடம் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன். எப்படித் தூங்குவான்? "வாயைப் பொளந்துட்டுத்தான் தூங்குவான், தலகாணி நனைஞ்சிரும். குறட்டை அவங்கப்பாவைவிடப் பெருசு. சோறு திங்கறப்போ நடுநடுவுல மூச்சு வாங்குவான்." எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்ட கேள்விக்கு அது பதிலாக வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து "மூக்கடைப்பு உண்டா" என்று நான் கேட்பதில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறேன்.

இந்த "எந்தப் பக்கம்" முக்கியம். நல்ல மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் திறக்கும். அது இயல்பு. மாறி மாறி அடைத்தால் கவலை வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே பக்கம், அல்லது இரண்டு பக்கமும் எப்போதுமே அடைப்பு, வாசனை தெரியாமல் போவது, காப்பி மணம் கூட வராமல் இருப்பது, இதெல்லாம் இருந்தால் அது சளி இல்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனின் அடிப்பக்கத்தை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடுங்கள். ஸ்பூனில் இரண்டு ஆவித் திட்டு படியவேண்டும். கோத்தகிரியின் காலைக் குளிரில் இது நன்றாகவே தெரியும். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கத் திட்டு சின்னதாக இருந்தாலோ, இல்லாமலே போனாலோ ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். நாங்களும் ஆபரேஷனுக்கு முன் நாக்கை அழுத்திப் பார்க்கும் உலோகத் தகட்டை வைத்து இதையேதான் செய்கிறோம். அரை நிமிட வேலை. மூக்கில் குழாய் போடப்போகும் எந்த நோயாளிக்கும் இதை விடக்கூடாது என்பது என் கருத்து. இது தொண்டைக்குள் தொங்கும் சதை அத்தனையையும் காட்டிக்கொடுக்காது என்பதும் உண்மை.

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மயக்கம் கொடுக்கும் முன் சில நிமிடம் மாஸ்க்கில் சுத்த ஆக்ஸிஜன் சுவாசிக்க வைப்போம். நுரையீரலில் சேரும் அந்த ஆக்ஸிஜன்தான், குழாய் போடும்வரை நோயாளியின் கைச்செலவுக்குக் காசு. பெரியவர்களுக்கு நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் இருப்பு, நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி செலவு. சமவெளியில் ஆரோக்கியமான ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் தாங்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் பாதரச அளவில் 760 மில்லிமீட்டராக இருக்கும் காற்றழுத்தம் அங்கே கிட்டத்தட்ட 610. ஊட்டியில் 580-ஐ ஒட்டி. அதே நுரையீரலில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் குறைவாகத்தான் சேரும், ஊட்டியில் நாலில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் முதலிலேயே இருப்பு குறைவு. இந்த நேரத்தை நீட்ட, மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறது நான் மேலே சொன்ன வழிகாட்டுதல். நல்ல முறை, நானும் செய்கிறேன். ஆனால் மூக்கு அடைத்தவருக்கு அந்த ஆக்ஸிஜன் தொண்டைக்கே போய்ச் சேராது. அதனால்தான் மூக்கின் நிலை எங்களுக்கு முன்னாலேயே தெரியவேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி மூன்றாவது கேள்வி. மறுபடி மயக்கம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை பத்திரமானது, ஏனென்றால் இப்போது விஷயம் தெரியும். முதல் தடவை தொல்லை கொடுத்தது தெரியாமல் இருந்ததுதான்.

ஈ.என்.டி. டாக்டர் மெல்லிய எண்டோஸ்கோப்பால் மூக்கின் முன்னும் பின்னும் பார்ப்பார், சி.டி. எடுப்பார். சதை என்ன சதை என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக, தொட்டால் வலிக்காத வெளிறிய சதை என்றால் பெரும்பாலும் அலர்ஜி, சைனஸ் சார்ந்த சாதாரணப் பாலிப். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, தானாகவே ரத்தம் வடிந்தாலோ வேறு கட்டிகளையும் யோசித்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கக் குளங்களில் குளித்துப் பழகியவர்களுக்கு ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரால் சிவப்பாக, வெள்ளைப் புள்ளி புள்ளியாக ஒரு சதை வரும், தொட்டாலே ரத்தம் கொட்டும். உங்கள் தம்பி கீழ்நாட்டில் வளர்ந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் தாடைக்கு வழி. சதை ஒரு பக்கம் மட்டும் என்றால், மறுபக்க மூக்கின் வழியாக, நுனியில் கேமரா உள்ள வளையும் ஸ்கோப்பில் குழாயை ஏற்றி, கண்ணால் பார்த்துக்கொண்டே விடலாம். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் போதிய இடம் இருந்தால், வாய் வழியாகவே போட்ட குழாயை அந்தச் சந்தில் ஒதுக்கி வைத்துப் பல்லைக் கவ்வ வைக்கலாம். இன்னொன்று, ஸ்பெயினைச் சேர்ந்த எர்னாண்டஸ் அல்டெமிர் 1986-ல் விவரித்த முறை: வாய் வழியாகக் குழாய் போட்டு, அதன் வெளிமுனையை மோவாய்க்கு அடியில் ஒரு சின்னக் கீறல் வழியாக வெளியே எடுப்பது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் கழுத்தில் துளை போடாமல் வேலை முடியும், தழும்பும் மோவாய்க்கு அடியில் மறைந்துவிடும். எல்லா வழியும் அடைபட்டால்தான் கழுத்தில் துளை. வளையும் ஸ்கோப்பும், தாடை அறுவை மருத்துவரும், ஈ.என்.டி.யும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் செய்துகொள்ளுங்கள். மலையிலோ கோவையிலோ, இதைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சில நாள் தள்ளிப்போவதால் தாடைக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை. வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், எலும்பு கோணலாகச் சேரும், சீழும் பிடிக்கலாம். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு வீசிங் உண்டா? தலைவலி, உடம்புவலி மாத்திரை போட்டு மூச்சு இழுத்ததுண்டா? மூக்கில் பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வரும். அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷன் முடிந்ததும் வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியே கடுமையான மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். ஐபுபுரோஃபெனும் கூடாது. வழக்கமான அளவில் பாரசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

முதல் ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்க மூக்கு, என்ன அளவு குழாய், எவ்வளவு தூரம் போனது, மாஸ்க்கில் மூச்சு கொடுக்க முடிந்ததா, வாய் வழியாகப் பார்த்தபோது குரல்வளை தெரிந்ததா. இந்த ஐந்தும் அடுத்த மயக்க மருத்துவருக்குத் தங்கம். சண்டை போடும் தொனியில் கேட்காமல், "அடுத்த இடத்தில் காட்டணும்" என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். போட்டோ எடுத்து உங்கள் போனிலும் தம்பி போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆபரேஷனுக்குப் பிறகு. பிளேட் மட்டும் வைத்து, கம்பிக்கட்டை அவிழ்த்து எழுப்பிவிட்டால் கவலை குறைவு. பல்லைக் கம்பியால் கட்டியபடியே சில வாரம் விடுவதாக இருந்தால், அவருக்கு மூக்குதான் பெரிய வாசல். சதையோடு, அல்லது சதையை எடுத்துப் பஞ்சு அடைத்த மூக்கோடு, பல்லையும் கட்டிவிட்டால் மூச்சுக்குப் பல்லிடுக்குத்தான் மிஞ்சும். அதனால் இரண்டையும் எந்த வரிசையில், எத்தனை நாள் இடைவெளியில் செய்யப்போகிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். கம்பி கட்டியிருந்தால், அதை வெட்டும் கட்டரை டிஸ்சார்ஜ் அன்று உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, எந்தக் கம்பியை எங்கே வெட்டவேண்டும் என்று நர்ஸிடம் இரண்டு தடவை காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வளைவுகளில் நல்ல உடம்புக்காரருக்கே வாந்தி வரும். வாய் கட்டியிருப்பவருக்கு வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். வாந்தி நிற்கும் மருந்துக்கு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். குமட்டினால் உடனே ஓரங்கட்டி, தலையை முன்னால் குனிய வையுங்கள். கட்டர் டிக்கியில் இருக்கும் பெட்டியில் வேண்டாம், உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.